முதலில் பாதை, கடைசியில் சைக்கிள்

அமெரிக்காவின் பொதுச் சாலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்றும் தார் காணாதவை. மேற்கு நோக்கிக் குடியேற்றம் பரவிய காலத்தில், நிலத்தைச் சதுர மைல்களாக அளந்து விற்க வேண்டும் என்று 1785இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சதுரங்களின் ஓரங்கள் பின்னாளில் சாலைகளாயின. கான்சாஸ், அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களை விமானத்திலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டாகத் தெரிவது இதனால்தான். மைலுக்கு ஒரு சாலை என்றால் அத்தனைக்கும் தார் போட எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகாது. சரளையைக் கொட்டி, அவ்வப்போது கிரேடர் வண்டியை விட்டுச் சமப்படுத்துவதோடு சரி. டிராக்டரும் தானிய லாரியும் போய்விட்டால் மீதி நேரம் அங்கே ஈ காக்கை இருக்காது. கார்களுக்குப் பயந்து தார்ச் சாலையை வெறுத்த சைக்கிள்காரர்களின் கண்ணில் இது பட்டது. கிராவல் சைக்கிளிங், அதாவது சரளைச் சாலைச் சைக்கிளோட்டம், அப்படித்தான் தொடங்கியது.

இன்று அது பெரிய வணிகம். கிராவல் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் சைக்கிளின் சட்டத்தை, அதாவது பிரேமைக் காட்டுகிறார்கள்: கார்பனா, அலுமினியமா, இரும்பா? அடுத்து கியர் எந்தக் கம்பெனி, பேட்டரியில் மாறுவதா, கேபிளில் மாறுவதா? பிறகு பிரேக். டயர் அகலத்தைப் பற்றிய பேச்சு பில் போடும் நேரத்தில் வந்தால் உண்டு. பைகள் தனிக் கணக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சைக்கிள்கள் ஓடிய பாதைகளையும், அங்கே எது உடைந்தது, எது தாக்குப்பிடித்தது என்பதையும் பார்த்தால் இந்த வரிசை நேர் தலைகீழ் என்று தெரியும். போகப்போகும் பாதை எது என்பதே முதல் கேள்வி. அதற்கேற்ற டயர் அடுத்தது. பிறகு ஏற்றத்துக்கான கியர், பிறகு சுமை உட்காரும் இடம். சைக்கிளில் ஒட்டியிருக்கும் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

பாதையிலிருந்தே ஆரம்பிப்போம். கான்சாஸின் எம்போரியா என்ற சிறு நகரில் 2006ஆம் ஆண்டு 34 பேர் கூடி, 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர், சரளைச் சாலையில் பந்தயம் ஓட்டினார்கள். அப்போது அதற்கு டர்ட்டி கான்சா என்று பெயர். கான்சா என்றும் அழைக்கப்படும் கா பழங்குடியினரை அந்தப் பெயர் இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு வலுத்ததால் 2020இல் அன்பவுண்ட் கிராவல் என்று மாற்றினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கிராவல் உலகத்துக்கு அதுதான் தேர்த்திருவிழா.

எம்போரியாவைச் சுற்றியிருப்பவை ஃபிளின்ட் குன்றுகள். மண்ணுக்குச் சற்றுக் கீழே சிக்கிமுக்கிக் கல் படிந்திருப்பதால் அங்கே ஏர் இறங்காது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டியவரை பரந்திருந்த உயர்புல்வெளியில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இன்று இல்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது. உழ முடியாத நிலத்தை மாடு மேய விட்டுவிட்டார்கள், புல் பிழைத்தது. கலப்பையை விரட்டிய அதே கல்தான் இன்று சைக்கிள் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கிறது. நம்மூர்ப் பஞ்சர் என்றால் ஆணியோ கருவேல முள்ளோ குத்தியிருக்கும். டயரின் நடுவில் ஊசித் துளை, ஒட்டினால் வேலை முடிந்தது. ஃபிளின்ட் கல் பக்கவாட்டில் அரை அங்குலம் கீறிவிட்டுப் போகும். அங்கே ரப்பர் மெல்லியது, வளைந்துகொண்டே இருக்கும் இடம், ஒட்டுப் பிடிக்காது. எனவே ஃபிளின்ட் குன்றுகளுக்குப் போகிறவர் டயரின் பூ வேலைப்பாட்டைவிடப் பக்கச் சுவரின் தடிமனைப் பார்ப்பதே நல்லது.

அந்தப் பாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 பந்தயம் தொடங்கிய சில மைல்களிலேயே மழையில் ஊறிய மண் பாதை ஒன்று வந்தது. அங்குள்ள களிமண் சேறாகத் தெறிப்பதில்லை, அப்பிக்கொள்கிறது. முதல் சுற்றில் டயரில் ஒரு பூச்சு ஏறும். அதன்மேல் புல்லும் சிறு கல்லும் ஒட்டும். நான்கைந்து சுற்றுக்குள் போர்க்கின் வளைவுக்குக் கீழே அடைத்து, சக்கரம் சுற்றவே மறுக்கும். அதற்கு மேலும் மிதித்தால் கியர் மாற்றியின் கொக்கி முறிந்து ஸ்போக்குக்குள் போகும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். விலையுயர்ந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். பெயிண்ட் கலக்கும் தட்டையான மரக்குச்சியைச் சட்டைப் பையில் செருகி வந்தவர்கள் நின்று நின்று மண்ணை வழித்துவிட்டு முன்னேறினார்கள், மற்றவர்களுக்கு விரல்தான். இந்த விளையாட்டில் காசுக்கேற்ற பயன் தரும் முதல் பொருள் அந்தக் குச்சி என்பேன்.

சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது இப்படித்தான் முக்கியமாகிறது. தொடக்க கால கிராவல்காரர்கள் ஓட்டியது சைக்ளோகிராஸ் பந்தயச் சைக்கிள்கள். அந்தப் பந்தய விதிப்படி டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதனால் சட்டமும் அந்த அளவுக்கே இடம் விட்டிருந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த சால்சா கம்பெனி 2012இல் வார்பேர்ட் என்ற சைக்கிளைக் கிராவல் பந்தயத்துக்கென்றே கொண்டுவந்த பிறகு அகலம் ஏறத் தொடங்கியது. 38, 40, 45 என்று வந்து, இன்று 50 மில்லிமீட்டர் டயர் சர்வ சாதாரணம். அண்மை ஆண்டுகளில் முன்னணிப் பந்தயக்காரர்கள் 2.1, 2.2 அங்குல மலைச் சைக்கிள் டயரையே கிராவல் சைக்கிளில் திணிக்கிறார்கள். மெலிந்த டயர்தான் வேகம் என்று நூறாண்டாக நம்பிய கூட்டம் மனம் மாறிவிட்டது.

காரணம் எளிது. உருண்டையான டயரில் காற்றின் கொள்ளளவு அகலத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 40 மில்லிமீட்டரிலிருந்து 50க்குப் போனால் கால் பங்கு அகலம்தான் கூடுகிறது, உள்ளே போகும் காற்றோ ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் அழுத்தத்தைக் குறைக்கலாம். அழுத்தம் குறைந்த டயர் கல்லின்மேல் ஏறிக் குதிக்காமல் கல்லை உள்வாங்கிக்கொண்டு போகும். குதிக்கும் ஒவ்வொரு தடவையும் சைக்கிளும் ஆளும் சற்று மேலே தூக்கப்படுகிறார்கள், அந்தச் செலவு காலிலிருந்துதான் போகிறது. தசையும் குடலும் குலுங்குவதில் வீணாகும் சக்தியும் இதில் சேர்த்தி. வழவழப்பான தாரில் காற்றை இறுக்கி அடித்தால் வேகம் என்பது ஓரளவு உண்மை. சரளையில் அது பொய். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். தார்ச் சாலைச் சைக்கிளில் 90 அடித்துப் பழகியவருக்குச் சக்கரம் பஞ்சராகிவிட்டது போலவே தோன்றும். பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பயம் தெளிந்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இது புதிய சேதியாக இருக்க வேண்டியதில்லை. பால்காரரும் ஐஸ்காரரும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் 28க்கு ஒன்றரை அங்குலம், மில்லிமீட்டரில் சொன்னால் 40. மேலைநாட்டுப் பந்தயக்காரர்கள் 20, 23 மில்லிமீட்டரில் முதுகெலும்பை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், வரப்போரத்து மண் ரோட்டில் இரண்டு கேன் பாலோடு போனவர் சரியான டயரில்தான் போனார். 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டிகளும் இந்த ரகம்தான். குறை இருந்தது கியரில். ஒரே பல்சக்கரம் என்பதால் மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

டியூப்லெஸ் பற்றி ஒரு வார்த்தை. டயருக்குள் டியூபுக்குப் பதில் லேடக்ஸ் கலந்த பால் போன்ற திரவம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் அந்தத் திரவம் துளையில் உறைந்து தானே அடைத்துவிடும், பல நேரம் ஓட்டுபவருக்கே தெரியாது. கொஞ்சம் பெரிய கிழிசல் என்றால் 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு திரவம் காலில் பீய்ச்சியடிக்கும். அப்போது பதற்றத்தில் பாய்ந்து இறங்காமல், கிழிசல் கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும். திரவம் அங்கே சேரும். ரப்பர் பூசிய நூல்திரியை ஊசிமுனைக் கருவியில் கோத்து, துளைக்குள் அழுத்தி, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி சடாரென்று கருவியை உருவினால் திரி நின்றுவிடும். காற்றடித்தால் ஓட்டலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துபோகும், வெயில் ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஊற்றியதை மறந்தவர் காட்டுக்குள் போய்த்தான் உணர்வார்.

அதனால் டியூப்லெஸ் போட்டாலும் ஒரு டியூபும் பேட்சும் பையில் இருந்தே தீர வேண்டும். நம் நாட்டில் ஓட்டுகிறவர் இன்னொன்றும் வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சைக்கிள்களின் மெலிந்த பிரெஸ்டா வால்வில் பஞ்சர் கடை பம்பின் வாய் பொருந்தாது. விரல்நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் எந்தக் கிராமத்துக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். விலை சொற்பம், இல்லாவிட்டால் நடை.

ஒரு நாள் ஓட்டம் வரைக்கும் பேசினோம். படுக்கையையும் பாத்திரத்தையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள் கணக்கில் போனால் அது பைக்பேக்கிங். அதற்கு உரைகல்லாக ஒரு பாதையைச் சொல்லச் சொன்னால் கிரேட் டிவைட் மலைச் சைக்கிள் பாதையைச் சொல்வேன். மொன்டானாவின் மிசூலா நகரிலுள்ள அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன், மைக்கேல் மெக்காய் முதலானோரின் உழைப்பில் 1990களில் இதை வரைபடமாக்கியது. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை சுமார் 4,400 கிலோமீட்டர். 2018இல் வடக்கே ஜாஸ்பர் வரை நீட்டினார்கள். ராக்கி மலையின் நீர்பிரிமேட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பலமுறை தாண்டிப் போகும் பாதை இது. கொலராடோவின் இண்டியானா கணவாயில் 3,630 மீட்டரைத் தொடுகிறது. மொத்தமாக ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 60,000 மீட்டர்.

பாதையின் பெரும்பகுதி சரளையும் காட்டிலாகா மண் ரோடும்தான், செங்குத்தான பாறை இறக்கங்கள் குறைவு. கிராவல் சைக்கிள் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அங்கே போகிறவர்களில் பலர் 2.2 அங்குல டயர் போட்ட மலைச் சைக்கிளையோ, வளைந்த ஹேண்டில்பாரோடு மலைச் சைக்கிள் டயர் ஏற்கும் சால்சா கட்த்ரோட் போன்ற வண்டியையோதான் தேர்கிறார்கள். 2015இல் வந்த கட்த்ரோட் இந்தப் பாதையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஏன் இவ்வளவு அகலம்? காரணம் சாலையின் குறுக்கே வரிவரியாக எழும் அலைகள். டொராண்டோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ஸ்டீபன் மாரிஸும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உருளும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலே மண்ணில் இந்த அலைகள் தாமாக உருவாகும், ஸ்பிரிங் இல்லாத சக்கரத்துக்கும் இதே கதைதான் என்று காட்டினார்கள். கார்காரர் உண்டாக்கிய அலையில் சைக்கிள்காரர் அடி வாங்குகிறார். முதல் நாள் அது எரிச்சல். பதினைந்தாம் நாள் உள்ளங்கை நரம்பு மரத்து, சட்டைப் பட்டன் போட விரல் வராது. அகல டயர் அங்கே வேகத்துக்காக அல்ல, கைக்காக.

கியர் விஷயத்தில் விளம்பரம் ஒன்று சொல்கிறது, மலை வேறொன்று சொல்கிறது. கிராவல் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 40 பல், பின்னால் பெரியது 42 பல். கணக்குப் போட்டால், 45 மில்லிமீட்டர் டயரோடு பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். சுமையில்லாத வண்டிக்கு அது போதும். பதினைந்து கிலோ கட்டிக்கொண்டு, மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும்போது எட்டு சதவீத மேட்டில் ஏழரை என்பது பேராசை. முன்னால் 32, பின்னால் 51 என்ற மலைச் சைக்கிள் அமைப்பில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான், நடையை விட ஒரு மாற்று கூட. முழங்கால் பிழைக்கும். உச்ச வேக கியர் குறைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுமையோடு சரளையில் இறங்கும்போது யாரும் மிதிப்பதில்லை, பிரேக்கைத்தான் பிடிக்கிறார்கள்.

இனிப் பைகள். இதில்தான் அதிகப் புதுமை நடந்ததாகச் சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கர சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ் ஹேண்டில்பார் பையில் கொண்டுபோனது காலுறைகள், மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படும் மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கி நீங்கலாக, இன்றைய சிக்கனப் பயணியின் பட்டியலும் அதுவே. 1897 ஜூனில் மிசூலா கோட்டையிலிருந்து அமெரிக்க ராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் சைக்கிளில் செயின்ட் லூயிஸுக்குப் புறப்பட்டார்கள். சுமார் 3,000 கிலோமீட்டர், 41 நாள். சேறு, நெப்ராஸ்காவின் மணல் மேடுகள், உவர்த் தண்ணீர் குடித்து வந்த வயிற்றுப்போக்கு என எல்லாம் பட்டார்கள். அந்தப் பயணத்தின் புகைப்படங்களில், போர்வைச் சுருள் ஹேண்டில்பாரின் முன்னால் கட்டப்பட்டிருக்கிறது, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பெட்டி. இன்று ஆயிரங்கள் கொடுத்து வாங்கும் அமைப்பை அந்த வீரர்கள் அன்றே ஓட்டினார்கள். ராணுவம் அந்தச் சோதனையை அதோடு விட்டுவிட்டது. பம்பாயிலிருந்து 1923இல் கிளம்பி உலகம் சுற்றி 1928இல் திரும்பிய அதி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூன்று பார்சி இளைஞர்களுக்குச் சிறப்புப் பை என்று எதுவும் இல்லை. அவர்கள் கடந்தது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர்.

இடையில் கேரியரும் அதன் இருபுறம் தொங்கும் பைகளும் நெடுங்காலம் கோலோச்சின. தார்ச் சாலைக்கு இன்றும் அதை மிஞ்ச ஒன்றில்லை. கரடுமுரடில் சிக்கல் வேறு. ஓயாத அதிர்வில் கேரியரின் போல்ட் தளரும், சில நேரம் முறியும். ஒற்றையடிப் பாதையில் பக்கப் பை பாறையில் இடிக்கும், புதரில் மாட்டும். கிரேட் டிவைடின் தொடக்க நாட்களில் பலர் ஒற்றைச் சக்கர இழுவண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு போனது இதனால்தான். மாற்று வழி அலாஸ்காவின் பனியிலிருந்து வந்தது. இடிட்டாராட் பனிப்பாதையில் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சுமை ஆடவே கூடாது. ஆங்கரேஜ் நகரில் எரிக் பார்சன்ஸ் சட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும் பைகளைத் தானே தைக்கத் தொடங்கினார், பின்னர் அது ரெவலேட் டிசைன்ஸ் என்ற நிறுவனமானது. கேரியரும் இரண்டு பக்கப் பைகளும் சேர்ந்து காலியாகவே இரண்டரைக் கிலோ வரும். பட்டையால் இறுக்கும் மூன்று பைகள் ஒரு கிலோவை ஒட்டி முடிந்துவிடும்.

எதில் எதை வைப்பது? கனமானது தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். தண்ணீர், கருவிகள், பருப்பு, கடலை, வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் முக்கோணப் பையில். ஹேண்டில்பார் சுருளில் இடத்தை அடைக்கும் ஆனால் எடையில்லாத பொருட்கள்: தூங்கும் பை, கூடாரத் துணி. கூடாரக் கம்பியை அதில் திணித்தால் ஸ்டியரிங் மந்தமாகும். சீட்டுக்குப் பின்னால் நீட்டி நிற்கும் பையில் துணிமணி, அதிலும் கனமானது சீட்டுக் கம்பியை ஒட்டி. அந்தப் பையைத் தளர்வாகக் கட்டினால் எழுந்து நின்று மிதிக்கும்போது நாய் வாலாட்டுவது மாதிரி ஆடும், அரை மணி நேரத்தில் பொறுமை போய்விடும். போர்க்கின் இருபுறமும் கூண்டு மாட்டினால் எடை இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். பட்டை உரசும் இடங்களில் சட்டத்தின்மேல் தடித்த டேப் ஒட்டாமல் புறப்படாதீர்கள். பட்டைக்கும் பெயிண்டுக்கும் நடுவே புகும் புழுதி உப்புத்தாளின் வேலையைச் செய்யும், சில நாளில் உலோகம் தெரியும்.

விளம்பரப் படங்கள் மறைக்கும் சங்கதி ஒன்று: அவற்றில் நிற்பவர்கள் ஆறடி ஆட்கள். ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள ஒருவர் பெரிய சக்கர சைக்கிளில் ஏறினால், சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவே பெரிய பைக்கு இடமே இருக்காது. பள்ளத்தில் இறங்கும்போது பையின் அடிப்புறம் டயரில் தேய்ந்து ஓட்டையாகும். சட்டத்தின் முக்கோணமும் சிறியது, தண்ணீர் வைத்தால் பை இல்லை, பை வைத்தால் தண்ணீர் இல்லை. நம்மில் பலர் இந்த உயரம்தான். நமக்குச் சிறு கேரியரும் அதில் இரண்டு சிறு பைகளும் மேல். மேலைநாட்டிலேயே இப்போது அந்தப் பக்கம் காற்று திரும்பியிருக்கிறது. பிரிட்டனின் டெயில்ஃபின் முதலிய கம்பெனிகள் கேரியரை மெலிதாக்கி, வலுவாக்கித் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. பத்து வருடத்துக்கு முன் கேரியரைக் கிண்டல் செய்தவர்களே இன்று வாங்குகிறார்கள்.

சுமையைத் தீர்மானிப்பது கூடாரமல்ல, தண்ணீர். வயோமிங் மாநிலத்தில் கிரேட் டிவைட் பாதை கடக்கும் அதே பெயருடைய படுகையில் பெய்யும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை, அங்கேயே வற்றிவிடும். அட்லாண்டிக் சிட்டி என்ற பெரிய பெயர் கொண்ட குக்கிராமத்தை விட்டால் ராலின்ஸ் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு ஊரென்று ஒன்றில்லை. நிழலும் இல்லை, காற்று மட்டும் உண்டு. ஆறு லிட்டர் தண்ணீர் என்றால் ஆறு கிலோ. கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்து டூத்பிரஷ் கைப்பிடியை வெட்டியவர் அங்கே ஆறு கிலோவை ஒரே குழாயடியில் ஏற்றுகிறார். ஆகவே பை வாங்கும்போதே, பாதையில் மிக நீண்ட வறண்ட துண்டு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, அத்தனை தண்ணீருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதே சரியான முறை.

அந்தப் பாதையின் வடக்குப் பகுதியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அங்கே கவலை கிரிஸ்லி கரடி. 2021 ஜூலையில் மொன்டானாவின் ஒவாண்டோ சிற்றூரில், ஊருக்கு நடுவே கூடாரத்தில் உறங்கிய ஒரு சைக்கிள் பயணியைக் கரடி கொன்றது. உணவும் சோப்பு முதலியனவும் கூடாரத்திலும் அருகிலும் இருந்தது கரடியை இழுத்திருக்கலாம் என விசாரணையில் குறிப்பிட்டார்கள். அந்தப் பகுதிக்குப் போகிறவர் கையெட்டும் தூரத்தில் மிளகாய் ஸ்பிரே வைப்பதும், உணவையும் பற்பசையையும்கூடப் படுக்கையிலிருந்து வெகுதூரத்தில் மரத்தில் தொங்கவிடுவதும் கட்டாயம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. முன் சக்கர டைனமோ நல்ல பொருள்தான், ஆனால் அதன் 3 வாட் வேகமாக ஓடும்போதுதான் கிடைக்கும். மணிக்கு ஏழு கிலோமீட்டரில் மலையேறும்போது போன் சார்ஜ் ஆகாது. பவர் பேங்க் ஒன்று எப்படியும் வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு ஊர் வரும் பாதையில் டைனமோவே வேண்டாம், பவர் பேங்க் போதும். பேட்டரி கியர் சேற்றில் அழகாக வேலை செய்கிறது. ஆனாலும் ஊரில்லாக் காட்டுக்கு நான் கேபிளையே சொல்வேன். அறுந்தால் மாற்றக் கம்பித் துண்டு ஒன்று பையில் சுருண்டு கிடக்கும்.

சட்டம் எதனால் ஆனது என்பது பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எல்லா வகைச் சட்டங்களும் கிரேட் டிவைடை முடித்திருக்கின்றன. இரும்பு கனமானது, ஆனால் வெல்டிங் பட்டறை எங்கும் உண்டு. கார்பன் இலகுவானது, பட்டை உரசலைத் தாங்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தயக்காரர்களைப் பார்த்துக் கற்கலாமா என்றால், பாதி கற்கலாம். ஜான் ஸ்டாம்ஸ்டாட் 1999இல் கிரேட் டிவைடின் எல்லையிலிருந்து எல்லை வரையான பகுதியைத் தனியாக 18 நாள் 5 மணி நேரத்தில் முடித்து, வெளியார் உதவி இல்லாத ஓட்டம் என்ற மரபுக்கு வழி வகுத்தார். 2008இல் பான்ஃபிலிருந்து டூர் டிவைட் என்ற பந்தயம் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. பிரிட்டனின் மைக் ஹால் 2016இல் அதை 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் ஓட்டினார். இப்படி ஓட்டுகிறவர்கள் கூடாரத்தை விட்டுவிட்டு உறைபோன்ற ஒன்றுக்குள் மூன்று நான்கு மணி நேரம் தூங்குகிறார்கள், அடுப்பு கொண்டுபோவதில்லை, பெட்ரோல் பங்க் கடையில் கிடைப்பதைத் தின்கிறார்கள். அவர்களிடமிருந்து டயரையும் கியரையும் எடுத்துக்கொள்ளலாம். தூக்கத்தையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டால் விடுமுறைக்குப் போனவர் நோயாளியாகத் திரும்புவார். மைக் ஹால் 2017இல் இறந்தது மலையில் அல்ல. ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடக்கும் தார்ச் சாலைப் பந்தயத்தில், கான்பெராவுக்கு அருகே அவர் கார் மோதி மாண்டார். மண் ரோட்டுக்குப் போகிறவர்கள் சொல்லும் முதல் காரணத்துக்கு அதைவிடக் கசப்பான சான்று இல்லை.

இந்தியாவில் இந்த ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் இமயமலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதியைக் கைகாட்டுகிறார்கள். கிராம்புவிலிருந்து பாட்டல் வழியாக 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்ஸும் கணவாய்க்குப் போகும் வழி உருண்டைக் கற்களும் பனியுருகி ஓடும் ஓடைகளுமாகவே பெயர் வாங்கியது. அதைச் சரளை என்பதே மரியாதை. அங்கே 40 மில்லிமீட்டர் டயர் தண்டனை, 2.2 அங்குலமும் முன்னால் ஒரு சஸ்பென்ஷன் போர்க்கும் நியாயம். கிராவல் சைக்கிளைவிட நல்ல மலைச் சைக்கிள் அந்த வழிக்குப் பொருந்தும், விலையும் அனேகமாகக் குறைவு. வார இறுதியில் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், செம்மண் ரோடு என்று சுற்றுகிறவருக்கு வேறு கணக்கு. 45 மில்லிமீட்டர் டயரும் ஹேண்டில்பாரில் கட்டிய ஒரு சாதாரண நீர்புகாப் பையும் போதும். வீட்டில் கிடக்கும் பழைய மலைச் சைக்கிளின் முரட்டு டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான அகல டயரைப் போட்டால் அதுவே கிராவல் சைக்கிள்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சேற்றுக்கு இடம் விட்டு இதில் எத்தனை மில்லிமீட்டர் டயர் போகும்? பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்? முதலாவதுக்கு 45க்குக் குறைவாகவோ, இரண்டாவதுக்கு முன்பல்லைவிடக் குறைவாகவோ பதில் வந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தச் சைக்கிளை வாங்க வேண்டாம்.